கன்றுக்குட்டிக்காக வந்த மிஸ்டு கால்

பிப்ரவரி 3, திங்கள்

திங்கட்கிழமை என்றாலே எனக்குக் காது வலி. ஞாயிற்றுக்கிழமை திருப்பூரில் பாதிப் பேருக்கு லீவு. லீவு என்றால் கையில் போன், போன் என்றால் மில், பனியன் கம்பெனி ஆட்கள் குறை சொல்வதற்காக நாங்கள் நடத்துகிற ‘நம்ம லைனு’க்கு ஒரு மிஸ்டு கால். நாங்கள் திருப்பிக் கூப்பிடுவோம். அவர்களுக்குக் காசு செலவில்லை. மனதில் இருப்பதையெல்லாம் பேசி வைப்பார்கள். அது மொத்தமும் திங்கள் காலையில் என் தலையில் விழும்.

இன்றைக்கும் வழக்கமானவைதான். பி.எஃப். வரவில்லை என்று சிலர். கக்கூஸ் போக டோக்கன் கேட்கிறார்கள் என்று ஒரு புள்ளை. ஓர் அக்கா தன் சூப்பர்வைசரைத் திட்டு திட்டென்று திட்டிவிட்டு, கடைசியில் “இதப் போட்றாதீங்க, சும்மா மனசு ஆறட்டும்னு பேசுனேன்” என்றார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஒவ்வொன்றையும் கேட்டு ஒரு பட்டனை அழுத்த வேண்டும். வெளியிடு, பதில் அனுப்பு, ஒதுக்கு. ராங் கால் எல்லாம் ஒதுக்குதான். “ஹலோ, ஹலோ, யாரு பேசுறது?” என்று என் குரலோடு சண்டை போடுகிறவர்கள் ஏராளம். ஆமாம், அந்தக் குரல் என்னுடையதுதான். “பயப்படாமல் பேசுங்கள். நீங்கள் சொல்வதை நாங்கள் கேட்கிறோம்.” நான் பேசிக் கொடுத்ததைத்தான் ஊரே கேட்கிறது. “வீட்ல பேசுறது பத்தாதுன்னு ஊருக்கும் சேத்துப் பேசுற” என்பார் முனீஸ். பனியன் துணிக்கு ஆவியில் இஸ்திரி போடுகிற காலண்டரிங் பட்டறையில் நாள் முழுக்க வெந்துவிட்டு வருகிற புருசனுக்குக் கிண்டலுக்கு மட்டும் குறைவில்லை.

கன்னுக்குட்டிப் புள்ளை இந்த வாரமும் வந்தது. நாலு வாரமாக விடாமல் வருகிறது. யாரோ வார்டன் போனிலிருந்து வீட்டுக்கு மிஸ்டு கால் கொடுக்கிறது போல. ஹாஸ்டல்களில் ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான். தப்பான நம்பருக்குக் கொடுத்துவிட்டு, அம்மாவிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, வீட்டுக் கன்றுக்குட்டியைப் பற்றி ஒரே கவலை. “டாக்டரக் கூட்டிட்டு வாம்மா, நீயே வா, தண்ணி கூட இறங்கல” என்று அழுகிறது. மாட்டு டாக்டருக்கு நான் எங்கே போக? பரணியிடம் சொன்னேன். எங்கள் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிற பையன், “கன்னுக்குட்டி இன்னும் உசுரோட இருக்காக்கா?” என்று கேட்டான். சிரித்தோம். ஒதுக்கு.

பிப்ரவரி 4, செவ்வாய்

தில்லி மேடத்துடன் வீடியோ மீட்டிங். பணம் தருகிற அமைப்பின் சார்பில் எங்களைக் கண்காணிக்கிறவர். ராங் கால் விகிதம் அதிகமாக இருக்கிறதாம். ஒவ்வொரு ராங் காலுக்கும் திருப்பிக் கூப்பிடுகிற செலவு அவர்களுக்குத்தானே. வெளிநாட்டு உதவி எல்லாப் பக்கமும் சுருங்குகிற நேரம், கவனமாக இருங்கள் என்றார்.

மீட்டிங் முடிந்ததும் தமிழ்செல்வன் சார் என் மேசைக்கு வந்தார். திட்ட மேலாளர். தோட்டம், பனியன் கம்பெனி என்று வசதியான குடும்பம். மனிதர் மட்டும் இந்தச் சம்பளத்துக்கு எங்களோடு உட்கார்ந்திருக்கிறார். “ஏனுங்க நதியா, திரும்பத் திரும்ப ராங் கால் வர்ற நம்பரையெல்லாம் பிளாக் பண்ணிருங்களே. ஒருக்காப் பண்ணுனாப் போதுமுங்க, நமக்கும் நிம்மதி.”

எனக்கும் நிம்மதிதான். காது வலி குறையும்.

பிப்ரவரி 5, புதன்

பிளாக் பண்ணி முடித்தாயிற்று. கன்னுக்குட்டியும் அதில் ஒன்று.

பிப்ரவரி 8, சனி

தண்ணீர் லாரி வரவில்லை. துணி ஊற வைத்தது ஊறிக்கொண்டே கிடக்கிறது. முனீஸ் பழனிக்கு நடக்கப் போகிறேன் என்கிறார், பூசத்துக்கு. போன வருடமும் இப்படித்தான் சொல்லி, பல்லடம் தாண்டியதும் பஸ் ஏறினார். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

எங்கிருந்து எழுதுவது?

காலையில் அறிக்கை வந்தது. ராங் கால் பாதியாகக் குறைந்திருக்கிறது. தமிழ்செல்வன் சார் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கி வந்தார். என் பங்கைத் தின்றுகொண்டே, பிளாக் செய்த எண்கள் நேற்று என்ன செய்தன என்று சும்மா திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் ஒரு தரம், இரண்டு தரம் அடித்துப் பார்த்து விட்டிருக்கின்றன. ஒரே ஓர் எண் மட்டும் விடவே இல்லை. மதியம் முழுக்க மிஸ்டு கால். கொஞ்ச நேரம் ஓய்வு. மறுபடியும். மறுபடியும். நாங்கள்தான் கூப்பிடவே இல்லையே.

கன்னுக்குட்டிப் புள்ளை.

நாலு ஞாயிற்றுக்கிழமை ஒருத்தி தப்பான நம்பருக்கே பேசுவாளா? அந்தப் பக்கம் அம்மா வாயே திறக்கவில்லை என்று தெரியாதா? இது அப்போதுதான் உறைத்தது. அதுவரை உறைக்கவில்லை. சிரிக்க மட்டும் தெரிந்தது.

ஒதுக்கிய பதிவுகள் கொஞ்ச நாள் அழியாமல் இருக்கும். தேடி எடுத்தேன்.

முதலில் காதில் பட்டது, இல்லாத ஒன்று. அவள் ஹலோ சொல்லவில்லை. ராங் கால்காரர்கள் எல்லோரும் என் குரலுக்கு ஹலோ சொல்வார்கள், குறுக்கே பேசுவார்கள். இவள் நான் பேசி முடிக்கிறவரை பொறுத்திருக்கிறாள். ஒன்றை அழுத்தச் சொன்ன இடத்தில் சரியாக அழுத்தியிருக்கிறாள். பீப் சத்தம் கேட்ட பிறகுதான் “அம்மா, நாந்தான்” என்று தொடங்குகிறாள். பேசி முடித்ததும், என் குரல் சொன்னபடியே, ஹேஷ் பட்டன். நாலு தடவையும் ஹேஷ்.

முதல் வாரம்: “நல்லாருக்கேன், சாப்ட்டேன். கன்னுக்குட்டி எதுவுமே திங்க மாட்டேங்குதாம்மா? வாந்தியா எடுக்குதா?”

மாடு எங்கே வாந்தி எடுக்கும்? உசிலம்பட்டிப் பக்கம் மாடு கட்டின வீட்டில் பிறந்தவள் நான். இதைக் கேட்டுவிட்டு ஒதுக்கு அழுத்தியிருக்கிறேன்.

இரண்டாவது வாரம்: “கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குன்னு சொன்னியே. மாத்திர குடுத்தா மட்டும் சரியாகுமாம்மா?”

மூன்றாவது வாரம்: “அத நிக்க வைக்காதம்மா. நிக்க முடியாம விழுந்துருச்சு. மெஷின் மேல...” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “தொட்டி மேல விழுந்துருச்சு.”

நாலாவது வாரம் அந்த அழுகை. பின்னால் ஒரு பெண் குரல்: “மூக்கம்மா, போதுங் கண்ணு, வெய்யி. அடுத்த புள்ள நிக்குதில்ல.”

கன்றுக்குட்டி இல்லை. ஏதோ ஒரு மில் ஹாஸ்டலில் ஒரு பெண் மஞ்சள் காமாலையில் கிடக்கிறாள். வார்டனுக்கு முன்னால் நின்று, வார்டன் போனிலேயே அதை எங்களுக்குச் சொல்லியிருக்கிறாள் மூக்கம்மாள். நேற்று அவள் மதியம் முழுக்கக் கதவைத் தட்டியிருக்கிறாள். தாழ்ப்பாள் போட்டது நான்.

தமிழ்செல்வன் சாருக்குப் போட்டுக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் உடனே மேலாளர் முழித்துக்கொண்டார். “அவசரப்படாதீங்க. எந்த ஹாஸ்டலுன்னே தெரியாதுங்களே. கம்பெனிக்காரங்க சம்மதத்துலதானுங்க நாம லைனே ஓட்டறோம். நாம்போயி கேட்டுல நின்னா நாளைக்கு ஒரு கம்பெனியும் நம்ம போஸ்டர ஒட்ட உடமாட்டாங்க. லெட்டர் போடறேன், மில்லுக்காரங்க சங்கத்துலயும் ஒரு வார்த்தை சொல்றேன்.”

“லெட்டர் போயிச் சேர்றதுக்குள்ள அந்தப் புள்ள போயிச் சேந்துரும் சார்.”

கத்திவிட்டேன். பரணி எழுந்து நின்றுவிட்டான். அந்த எண்ணை, பெயர் காட்டுகிற ஆப்பில் போட்டால் ‘தெய்வாத்தாள் வார்டன்’ என்று மட்டும் வருகிறது. ஊர் இல்லை, மில் பெயர் இல்லை. லைனிலிருந்து கூப்பிட்டால் வார்டன் எடுப்பார். என் குரல் “புகாரைப் பதிவு செய்ய” என்று ஆரம்பிக்கும். மூக்கம்மாள் கதை அதோடு முடிந்தது.

அடுத்த ஞாயிறு வரைக்கும் அந்தப் புள்ளை தாங்குமா?

பிப்ரவரி 11, செவ்வாய், பூசம்

ஆபீஸ் லீவு. ரோடு முழுக்கக் காவடி. முனீஸ் நடக்கப் போகவில்லை. விஷயத்தைச் சொன்னேன், சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இரவெல்லாம் யோசித்த ஒரே வழி. என் சொந்தப் போனிலிருந்து தெய்வாத்தாளைக் கூப்பிட்டேன்.

“மூக்கம்மாவோட சித்தி பேசுறேங்க. அவங்க அம்மாவுக்குப் போன் இல்ல, நாந்தான் பேசுவேன்.”

“ஏனுங்க, வாரத்துல ஒரு நாளுதானுங்க பேச உடறது.” குரலில் கடுமை இல்லை, அலுப்புத்தான். “ஞாயித்துக்கெழம அத்தன தடவ மிஸ்டு காலு குடுத்துச்சு அந்தப் புள்ள. நீங்க ஒருத்தரும் கூப்புடவே இல்லீங்களே. அழுதழுது சோறே உங்கலீங்க.”

போன் ரிப்பேர் என்றேன். அப்போதைக்குக் கிடைத்த பொய் அதுதான்.

“பாக்க வரலாம்னு இருக்கோம். நாங்க வந்ததே இல்ல, தரகர்தான் கூட்டிட்டு வந்து விட்டாரு. பஸ்சுக்கு எங்க எறங்கணுங்க?”

அப்பாவியாக வழி சொன்னார். பொங்கலூர் தாண்டி, இன்ன ஸ்டாப், மில் கேட் என்று சொன்னால் இறக்கிவிடுவார்கள், நாளைக்குச் சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் வந்தால் பார்க்கலாம். “ரேஷன் கார்டு கொண்டாங்க, கேட்டுல கேப்பாங்க.”

வைக்கும் முன்னால் ஒன்று சொல்லச் சொன்னேன். “சித்தி வர்றா, கன்னுக்குட்டிக்கு டாக்டர் பாத்தாச்சுன்னு சொல்லுங்க.”

“அட, ஊட்டுக் கன்னுக்குட்டியாங்க? அதயேதான் நெனச்சுட்டுக் கெடக்குது. சொல்றனுங்க.”

தமிழ்செல்வன் சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். “எனக்கு நீங்க போனே பண்ணலீங்க. நாளைக்கு உங்களுக்கு ஒடம்பு செரியில்லீன்னு எழுதிக்கறேன்” என்று வைத்துவிட்டார். கோபப்படுவதா, கும்பிடுவதா?

பிப்ரவரி 12, புதன்

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் அழுதுவிடுவேன் போலிருக்கிறது.

முனீஸோடு பைக்கில் போனோம். கேட்டில் ரேஷன் கார்டு கேட்டார்கள். எங்கள் கார்டைக் கொடுத்தேன். வாட்ச்மேன் அதை முன்னும் பின்னும் திருப்பி, “இதுல புள்ள பேரு இல்லீங்களே” என்றார். சித்தி கார்டில் எப்படி இருக்கும் என்று எகிறினேன். முனீஸ் “வண்டிக்குப் பெட்ரோல்...” என்று ஏதோ உளறினார். பயந்தால் அவருக்கு அப்படித்தான் வரும்.

வார்டன் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பின்னாலேயே ஒல்லியாக ஒரு பெண், யூனிபார்ம் கோட்டு, தலையில் பஞ்சுத் தூசி. மூக்கம்மாள். அவளுக்கு என் முகம் தெரியாது. ‘யாருங்க நீங்க?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் எல்லாம் போச்சு. புருவத்தைச் சுருக்கி என்னையே பார்க்கிறாள். வாட்ச்மேன் அவளையே பார்க்கிறார்.

வேறு எதுவும் தோன்றவில்லை. ஆபீஸ் குரலை எடுத்துக்கொண்டு சொன்னேன். “பயப்படாம பேசு. நீ சொல்றத நாங்க கேக்குறோம்.”

அவள் முகம் மாறியதை எனக்கு எழுதத் தெரியவில்லை. “சித்தி!” என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள். காதுக்குள், “அனுசுயா. சிக் ரூம். நெனவே இல்லக்கா” என்றாள்.

வார்டனிடம் கேட்டேன், இவளோடு தங்கியிருக்கிற புள்ளைக்கு உடம்பு சரியில்லையாமே. நர்ஸ் மாத்திரை கொடுத்திருக்கிறார், மேனேஜர் வெளியூர், அவர் கையெழுத்து இல்லாமல் மில் வண்டியை எடுக்க முடியாது, புள்ளையை வெளியே விடுவதென்றால் பெத்தவங்க வரவேண்டும். அனுசுயாவின் அப்பா கேரளத்து எஸ்டேட்டில், தகவல் சொல்ல நம்பர் இல்லை. ஒவ்வொன்றாக அடுக்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டில் நின்று கத்தினேன். என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. “உன் மகளா இருந்தா கையெழுத்துக்கு நிப்பியா?” என்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. வாட்ச்மேன் யாருக்கோ போன் போடப் போனார்.

தெய்வாத்தாள் அக்கா என் கையைப் பிடித்துச் சுவர் ஓரம் இழுத்தார். “சத்தம் போடாதீங்க சாமி. நாங்கூப்புட்டா நாளைக்கே என்னைய வெளிய அனுப்பிருவாங்க. மூணு வாரமா மேனேஜருகிட்ட சொல்லிட்டுத்தான் இருக்கறேன். நீங்க நூத்தியெட்டுக்குப் போடுங்க. வண்டி வந்தா நாங் கேட்டத் தொறந்து உடறேன்.”

போட்டேன். அந்தக் காத்திருப்பு இருக்கிறதே. பூசத்துக்குப் போய்த் திரும்புகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு வருகிறது, ஆம்புலன்ஸ் சத்தம் தூரத்தில் கேட்கிறது, கிட்டே வரமாட்டேன் என்கிறது. வாட்ச்மேன், “பர்மிசன் இல்லாம உள்ள உட முடியாது” என்று கேட் முன்னால் நின்றார். முனீஸ் அவரிடம் போய் நின்றார். அடிக்கப் போகிறாரோ என்று பயந்தேன். இல்லை, சும்மா நின்றார், விலகாமல்.

வண்டி வந்ததும் தெய்வாத்தாள் அக்கா சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். வாட்ச்மேனைத் திரும்பியே பார்க்கவில்லை.

அனுசுயாவைத் தூக்கி வந்தார்கள். பாவி மக்கா, கண் இமைக்குள் அவ்வளவு மஞ்சள். எலும்பு மேல் சுடிதார் போட்டது மாதிரி இருந்தாள். மூக்கம்மாள் அவள் செருப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்னும் கண் திறக்கவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

டாக்டர் சின்ன வயசுப் பெண். ஈரல் மோசமாகக் கெட்டிருக்கிறதாம். தண்ணீரில் வந்த காமாலை; ஓய்வு கொடுத்திருந்தால் பெரும்பாலும் தானாகவே சரியாகியிருக்கும், நிற்க வைத்து வேலை வாங்கி, கண்ட மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். “கடைசி ஒரு வாரத்துலதான் இவ்வளவு மோசமாயிருக்கு. அதுக்கு முன்னாடியே கொண்டு வந்திருந்தா இந்த வார்டே தேவைப்பட்டிருக்காது” என்றார்.

கடைசி ஒரு வாரம்.

முனீஸ் இட்லி வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரிக்காமல் மூக்கம்மாளிடம் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அனுசுயா கண் திறந்தாள்! மூக்கம்மாளைப் பார்த்து “ஷிப்டுக்குப் போகலியா?” என்று கேட்டாளாம். மூக்கம்மாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள், அழுகிறாள்.

வராந்தாவில் டீ குடிக்கும்போது கேட்டேன், ஏன் நேராகப் பேசாமல் கன்றுக்குட்டி என்றாய் என்று. “வார்டனக்கா பக்கத்துலயே நிக்கும்ல. அம்மாகிட்டச் சொன்னா அழத்தான் செய்யும், அதுக்குப் போனும் இல்ல. உங்ககிட்டச் சொன்னா யாராச்சும் வருவாங்கன்னு மினி பஸ்ல ஒட்டியிருந்துச்சு. நம்பர மனப்பாடம் பண்ணிட்டேன்.” பிறகு ரொம்பச் சாதாரணமாக, “அந்த ஒரு ஞாயித்துக்கெழம மட்டும் ஏங்க்கா கூப்பிடல? லைன் கெட்டுப் போச்சா?”

டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். பேப்பர் கிளாஸ் அது.

பிப்ரவரி 18, செவ்வாய்

பிளாக் செய்த எண்களை எல்லாம் விடுவித்தேன். யாரையும் கேட்கவில்லை. விகிதம் ஏன் ஏறியது என்று தில்லியிலிருந்து கேட்டால் சொல்லிக்கொள்கிறேன்.

தில்லி மேடம் கேட்டது வேறு. தமிழ்செல்வன் சார் எல்லாவற்றையும் அவருக்கு எழுதியிருக்கிறார். எல்லாவற்றையும் என்றால், பிளாக் செய்ததைத் தவிர எல்லாவற்றையும். மேடத்துக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டதாம். குறும்படம் எடுக்கிறார்கள். ஒரு போன் ஓர் உயிரைக் காப்பாற்றிய கதை. அதைக் காட்டினால் அடுத்த இரண்டு வருடத்துக்கு நிதி நிச்சயமாம்.

“லைன் ஓடுனாத்தானுங்க இன்னும் பத்துப் புள்ளைகளக் காப்பாத்தலாம்” என்கிறார் சார். பொய் என்று சொல்ல முடியவில்லை. அதுதான் எரிச்சல்.

தெய்வாத்தாள் அக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் போன மறுநாளே.

பிப்ரவரி 21, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

அனுசுயா தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கம்மாள் அவளுக்கு இளநீர் வாங்கி வைத்துவிட்டுக் காலடியில் உட்கார்ந்திருந்தாள். லைன் கெட்டுப் போகவில்லை, நான்தான் உன் நம்பரை அடைத்து வைத்தேன், ராங் கால் என்று நினைத்து, என்றேன்.

புரியாமல் பார்த்தாள். “அப்ப அதுக்கு முன்னாடி பேசுனதெல்லாம் உங்களுக்கு வந்துச்சா?”

“வந்துச்சு.”

“எல்லாத்தையும் கேட்டீங்களா?”

“கேட்டேன்.”

“கேட்டுட்டுமாக்கா?”

அவ்வளவுதான் கேட்டாள். கத்தவில்லை. கத்தியிருக்கலாம். லைன் கெட்டுப்போயிருந்தால் அவளுக்குப் பரவாயில்லை, நான் கேட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நான் சிரித்ததை அவளிடம் சொல்லவில்லை. அதைச் சொல்கிற தைரியம் எனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

பிப்ரவரி 22, சனி

பேச மாட்டேன் என்கிறாள். டிபன் தூக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொள்கிறாள்.

பிப்ரவரி 26, புதன்

ஷூட்டிங். சென்னையிலிருந்து மூன்று பேர், பெரிய கேமரா, குடை மாதிரி லைட். என் மேசையைத் துடைத்து, ஹெட்போனை அழகாக மாட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்து யோசிக்கச் சொன்னார்கள். யோசித்தேன்.

மூக்கம்மாள் வருவாள் என்றே நான் நினைக்கவில்லை. தமிழ்செல்வன் சார் கேட்டதும் சரி என்றுவிட்டாளாம். தலை வாரி, பூ வைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். இயக்குநர் தம்பி நல்ல பையன்தான், பொறுமையாகக் கேட்டான். எப்படி நம்பர் தெரியும், எப்படித் தைரியம் வந்தது, கன்றுக்குட்டி யோசனை எப்படி வந்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

“நீங்க சொன்னதைக் கேட்டதும் அவங்க உடனே வந்தாங்களா?”

“இல்ல. நாலு வாட்டி சொன்னேன். நாலு வாட்டியும் கேட்டாங்க. கேட்டுட்டு ராங் கால்னு தூக்கிப் போட்டுட்டாங்க. அஞ்சாவது வாட்டி என் நம்பரையே அடச்சுட்டாங்க. அதுக்கப்புறந்தான் வந்தாங்க.”

இயக்குநர் சாரைப் பார்த்தான், சார் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

“அந்த ஒரு பகுதியை விட்டுட்டு இன்னொரு தடவை சொல்லலாமா?”

“சரி சார்” என்றாள். மறுபடி கேமரா ஓடியது. மறுபடி அதையே சொன்னாள், ஒரு வார்த்தை மாறாமல். மூன்றாவது தடவையும். சார், “கண்ணு, லைனே நின்னு போயிருமில்ல, மத்த புள்ளைக என்ன பண்ணும்?” என்று கெஞ்சினார். அவள் அவரைப் பார்த்து, “நிக்க வேணாம் சார். அடுத்த புள்ள பேசுறதையாச்சும் கேக்கட்டும்னுதான் சொல்றேன்” என்றாள்.

லைட்டை அணைத்துவிட்டார்கள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் எங்கேயோ சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

அனுசுயாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் அப்பா வந்திருந்தார், எல்லோர் காலிலும் விழப் போனார். ஊருக்குப் போய்த் தேறியதும் மூக்கம்மாளோடு வந்துவிடுவாளாம். மூக்கம்மாள் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பனியன் யூனிட்டில் செக்கிங்குக்குச் சேர்ந்திருக்கிறாள். அறை பிடித்துக் கொடுத்தது முனீஸ். அவரிடம் பேசுகிறாள்.

மார்ச் 17, திங்கள்

இன்று ஒதுக்கு பட்டனை ஒரு தடவைகூடத் தொடவில்லை. வேலை மலையாகத் தேங்கிக் கிடக்கிறது. கிடக்கட்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மதியம் மூக்கம்மாளும் அனுசுயாவும் வீட்டுக்கு வந்தார்கள். மூக்கம்மாள் வந்தது இதுதான் முதல் தடவை. வாசலில் கொஞ்சம் தயங்கிவிட்டு, “அக்கா, இவளுக்குக் காரம் ஆகாது” என்றாள். எனக்கு அது போதும். கறிக்குழம்பை எடுத்து வைத்துவிட்டு ரசமும் பருப்பும் செய்தேன். அனுசுயா கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. இரண்டாவது தடவை சோறு கேட்டாள். முனீஸ் அவளுக்கு அப்பளத்தைப் பொரித்துப் பொரித்துப் போட்டார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போனில் அந்தப் படம் வந்தது. தமிழ்செல்வன் சார் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு செய்தி: நிதி உறுதியாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றிங்க.

சுவரில் போனைச் சாய்த்து வைத்து நாலு பேரும் பார்த்தோம். காற்றாலை, தென்னந்தோப்பு, தையல் மெஷின், ஜன்னல் பக்கம் பார்த்து யோசிக்கிற நான். முனீஸ் சிரித்தார். தெய்வாத்தாள் அக்கா எங்கேயும் இல்லை. பிறகு மூக்கம்மாள் வந்தாள். பூ வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, கேமராவை நேராகப் பார்த்துப் பேசுகிறாள். அனுசுயா கைதட்டினாள்.

வாய் அசைகிறது. வீணையும் புல்லாங்குழலுமாக இசை ஓடுகிறது. கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுத்து வந்து போகிறது. எந்த இடத்தைப் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று அவள் உதட்டைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்தது.

மூக்கம்மாள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

“சத்தத்தைக் கூட்டுங்கக்கா,” என்றாள் அனுசுயா. “இவ என்ன சொல்றான்னே கேக்கல.”

கூட்டினேன். இசைதான் கூடியது.